தொப்பிய கழட்டினா கெஸ்கட்

ஆ, ஆ, கைய எடுங்க மகள், கைய எடுங்க! அந்த ரேடியேட்டர் மூடிய இப்ப தொடவே வேணாம். துணிய சுத்திப் பிடிச்சாலும் வேணாம். உள்ளுக்கு இருக்கிறது இப்ப தண்ணியில்ல, கோவம். தொறந்தீங்களோ, நேரா மூஞ்சிக்குத்தான் பாயும். பொனட்ட மட்டும் தூக்கி விட்டுட்டு இப்பிடி நெழலுக்கு வாங்க. அரை மணித்தியாலம் ஆறணும். அதுக்கு முன்னுக்கு எந்தப் பெரிய மெக்கானிக் பாஸ் வந்தாலும் ஒண்ணும் செய்ய ஏலாது. இந்தா, பெஞ்சில இருங்க. என்ட பேக்க தள்ளி வெக்கிறேன்.

டிலானி! ப்ளேன்டீ தெகக் தென்ன துவே! ரெண்டு பிளேன்டீ சொல்லியிருக்கேன். இந்தக் கடைக்காரப் பிள்ள இஞ்சி தட்டிப் போட்டுத் தருவா. சீனிய மட்டும் தனியா கேட்டு வாங்கிக்குங்க, இல்லாட்டி பாயாசம் மாதிரி கலக்கிருவா.

என்னயா கேக்கிறீங்க? கராஜ்காரன் இல்ல மகள். இந்தக் கையால ஒரு ஸ்பேனர பிடிச்சு ஒரு நட்ட கழட்டினது கெடையாது. பேர் யாகூப். முப்பத்தெட்டு வருசம் தம்புள்ளையில இருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டினேன். இப்ப மாத்தளை பஸ்ஸுக்கு நிக்கிறேன். அங்க என்ட மகள் ஜஸ்லா வீடு இருக்கு. இந்த பேக்குக்குள்ள ரெண்டு சாரம், தொழுவுறதுக்கு ஒரு முசல்லா, பிரஷர் குளிசை. ஒரேயடியா போறேன். இனி தம்புள்ளப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன். ஏனா? பொறவு சொல்றேன். கார் ஆறட்டும். நானும் கொஞ்சம் ஆறணும்.

நல்ல கார் இது. பதினாறு ஸ்ரீ நம்பர்னா எப்பிடியும் நாப்பது வருசத்துக்குக் கிட்ட இருக்கும். அப்பாட காரா? நெனச்சேன். சீட்டுக்கு இன்னும் அந்தக் காலத்து பிளாஸ்டிக் உறை. அத கழட்டாம வெச்சிருக்கிற மனுசன் நல்ல மனுசனாத்தான் இருக்கணும். ஆனா வெயில்ல குந்தி எழும்பினா தொடைத் தோலு சீட்டோட போயிரும்.

சரி, ஒரு கேள்வி. சூட்டு முள்ளு எப்ப ஏறினது? மாத்தளை டவுனுக்குள்ள நெரிசல்ல நிக்கிறப்பயா, ரோட்டுல ஓடுறப்பயா? ஓடுறப்ப. டவுனுக்குள்ள சாதுவா இருந்துச்சு, நாலந்தா தாண்டி மிதிக்க மிதிக்க ஏறினிச்சு. கால எடுத்தா எறங்குது. ஆ. அப்ப ஃபேன் இல்ல. நிக்கிறப்ப சுட்டா காத்து கொறவு, ஓடுறப்ப சுட்டா தண்ணி ஓட்டம் கொறவு. எழுதி வெச்சுக்குங்க. கீழ, சொன்னது யாகூப்னு போடுங்க. ஷிஹாம்னு போட்டுராதீங்க.

ஏன் முழிக்கிறீங்க? ஷிஹாம் பாஸ்ட கராஜுக்குத்தானே போறீங்க? எப்பிடித் தெரியும்னா... மகள், இந்தப் பாதையில பொகை விட்டுக்கிட்டு வடக்க போற காரெல்லாம் அங்கதான் போகுது. அதோட உங்கட பின் சீட்டுல கேமரா பேக் இருக்கு, மூணு கால் சாமான் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு. கண்டியில இருந்து தர்ஷிகான்னு ஒரு பிள்ள வரும், வீடியோ எடுக்க, புதன்கிழம பத்து மணிக்குன்னு ஒரு கெழமையா அந்தக் கராஜ்ல இதே பேச்சு. நீங்கதானே அது? நெனச்சேன். மகள், அவன் என்ட தம்பி. ஷிஹாம். ஒரே உம்மா, ஒரே வாப்பா. எட்டு வயசு எளையவன்.

இல்ல, இல்ல, அத வெளிய எடுக்க வேணாம். கேமராவ தூக்கினீங்கன்னா எழும்பிப் போயிருவேன். பேசுறதுன்னா இப்பிடியே பேசுவம், மனுசனும் மனுசனும் பேசுற மாதிரி. டீ வந்துருச்சு, குடிங்க.

உங்களுக்கு என்னத்த சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். உள்ளங்கைய பொனட்டுல வெப்பாரு, கண்ண மூடுவாரு, என்ஜின் பேசுறது அவரு காதுக்கு மட்டும் கேக்கும், ரெண்டே நிமிசத்துல நோய சொல்லிருவாரு. கம்பியூட்டர் மாட்டிப் பாக்கிற எடத்துல இருந்தே அவருக்கிட்ட கார் அனுப்புறாங்க. ஒரு வார்த்த கூடப் பேச மாட்டாரு. என்ன அடக்கம், என்ன கெம்பீரம்! ம். நான் வாயத் தொறந்தா அலட்டல். அவன் வாய மூடிக்கிட்டு இருந்தா ஞானம்.

பொறாமையான்னு கேக்கிறீங்களா? பின்ன? எழுவத்தாறு வயசுல அத மறைச்சு என்ன செய்யப் போறேன்? சின்னதுல இருந்தே இருக்கு. என்ட சுன்னத்துக்கு உம்மா ஒரு சட்டி பால்சோறு கிண்டினா, பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு போனிச்சு, முடிஞ்சுது. அவன்ட சுன்னத்துக்கு மாத்தளையில இருந்து பேண்ட் வாத்தியம் வந்தது. கோழி அறுத்தா ஈரல் அவனுக்கு. கழுத்து எனக்கு. இப்ப அவனுக்கு அறுவத்தெட்டு. வாய் நெறய பல்லு, தலை நெறய முடி. என்னப் பாருங்க, இந்தத் தொப்பி இல்லாம ரோட்டுல நின்னா எதிர்ல வாற லொறிக்காரனுக்குக் கண்ணு கூசும். போன வருசம் பார்ட்ஸ் கடக்காரன் ஒருத்தன் அவன்ட படத்தப் போட்டுக் கலண்டர் அடிச்சான். அது எங்க தொங்குது தெரியுமா? என்ட குசினியில. காலையில கண்ணு முழிச்சு மொத டீ குடிக்கிறது அந்த மூஞ்சியப் பாத்துத்தான். அவனே வந்து ஆணியடிச்சு மாட்டிட்டுப் போனான்.

ஆ, அது மாத்தளை பஸ்தான். போகட்டும், போகட்டும். ஃபுட்போர்டுல தொங்குறாங்க பாத்தீங்களா? இந்த வயசுக்குத் தொங்கிக்கிட்டுப் போக ஏலுமா? அடுத்தது வரும்.

உங்களுக்கு ஒரு கத சொல்றேன், அப்பதான் என்ட வயித்தெரிச்சல் விளங்கும். வருசம் ஞாபகம் இல்ல, மழ மட்டும் ஞாபகம் இருக்கு. பல்லேகமையில இருந்து மிளகா மூட்டை ஏத்திக்கிட்டு ரிவர்ஸ்டன் மலையால வாறோம். ரேடியேட்டர்ல ஊசி மொனை அளவுக்கு ஒரு ஓட்டை. தண்ணி பீச்சுது. சவுக்காரத்த உருட்டி அடைச்சுப் பாத்தேன், கரைஞ்சு போச்சு. அந்த மலையில மழைக்கு என்ன வரும்? அட்டை. புல்லுக்கு ஒரு அட்டை. கால்ல ஏறினதுல நல்ல கொழுத்ததா ஒண்ணப் பிடிச்சு அந்த ஓட்டையில வெச்சேன். பாதி உள்ளுக்கு, பாதி வெளிய, சூட்டுக்கு இறுகிப் பிடிச்சுக்கிச்சு பாருங்க, சிமெண்டு பூசின மாதிரி! மாத்தளை வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. கொங்காவெலையில நிப்பாட்டிப் பாத்தா, அட்டை வாழைப்பழம் அளவுக்கு வீங்கிக் கெடக்குது. உசிரோட.

சத்தியம் பண்ணணுமா? சத்தியத்த சின்ன விசயத்துக்கெல்லாம் எடுக்கக் கூடாது மகள். நம்ப வேணாம், கேட்டு வெச்சுக்குங்க. விசயம் அதில்ல. இந்தக் கதைய இப்ப தம்புள்ளையில போய்க் கேளுங்க. அட்டை வெச்சது ஷிஹாம்னு சொல்லுவாங்க. அந்தப் பயணத்துல அவன் கிளீனர். மிளகா மூட்டைக்கு மேல குறட்டை விட்டுக்கிட்டு வந்தான். என்ட பொய்யக் கூட அவன்ட பேர்லதான் எழுதுறாங்க. இந்த அநியாயத்த நான் எங்க போய் சொல்ல?

போன் நடுங்குதா? என்டதுதான். மெசேஜ். அவன்தான். போன்ல பேச மாட்டான், எழுதுவான். நாங்க அண்ணன நானான்னுதான் கூப்பிடுறது. நானா எங்க. நானா எங்க. இதோட ஒம்பது. இருக்கட்டும். சட்டைப் பையில கெடந்து துடிக்கட்டும். எனக்கு நெஞ்சுக்கு மசாஜ் பண்ணின மாதிரி இருக்கு.

இப்ப ஆறியிருக்கும். வாங்க. நீங்கதான் கை வெக்கணும், என்ட கைய பாத்தீங்கதானே? கிளாஸ பிடிச்சா டீயில அலை அடிக்குது. மேல போற ஹோஸ மெல்லத் தொட்டுப் பாருங்க. சுடல்லயா? துணிய போட்டு மூடிய கால்வாசி மட்டும் திருப்புங்க. உஸ்ஸுன்னு காத்துப் போகட்டும். போயிருச்சா? இப்ப முழுசா. எட்டிப் பாருங்க, தண்ணிக்கு மேல எண்ண மெதக்குதா? இல்ல. என்ஜின் ஒயில் பாக்கிற கம்பிய இழுங்க. பால்தேத்தண்ணி நெறமா, கறுப்பா? கறுப்பு. அல்ஹம்துலில்லாஹ், என்ஜின் தலைக்கு அடியில இருக்கிற கெஸ்கட் போகல. பெல்ட்ட அமுக்குங்க. ஒரு விரலளவுதானே உள்ளுக்குப் போகுது? அது சரி. இனி ஸ்டார்ட் பண்ணிட்டு டிலானிட வாளித் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. என்ஜின் ஓட ஓட ஊத்தணும். நோம்பு தொறக்கிறவனுக்குத் தண்ணி குடுக்கிற மாதிரி, முடறு முடறா.

நெறைஞ்சிருச்சா? இனி பேச வேணாம். மூடி தொறந்தே இருக்கட்டும். நீங்க உள்ளுக்கு இருந்து மெல்ல மிதிங்க.

ம்.

இன்னும் கொஞ்சம்.

விடுங்க. திரும்ப மிதிங்க. பிடிச்சுக்கிட்டு இருங்க.

போதும். கேட்டிச்சா? கேக்கலயா? தெம்பிலி எளனி குடிக்கிறப்ப, அடியில முடியிற நேரத்துல ஸ்ட்ரோவ உறிஞ்சினா கொர்ருன்னு ஒரு சத்தம் வருமே. அது. ஃபேன் சத்தத்துக்கு அடியில, பெல்ட் சத்தத்துக்கும் அடியில. மிதிக்கிறப்ப மட்டும் வருது, கால எடுத்தா போயிருது. என்ஜின் தண்ணிய உறிஞ்சுது, தண்ணி வரல. எறங்கி வாங்க, நான் ஏறி மிதிக்கிறேன். ரேடியேட்டர்ட அடியில இருந்து என்ஜினுக்குப் போற ஹோஸ் இருக்கே, குனிஞ்சு அத மட்டும் பாருங்க. பாக்கிறீங்களா? இந்தா, மிதிக்கிறேன்.

என்ன ஆகுது? கன்னம் ஒட்டின கெழவன் மாதிரி ஒட்டிப் போகுதா? ஹா! அதுதான் மகள், அதுதான் நோய். அந்த ஹோஸுக்குள்ள ஒரு கம்பிச் சுருள் இருந்திருக்கணும். உங்கட ஊர்ல எந்தப் பாஸோ ஹோஸ மாத்தின நேரம், இது என்னத்துக்குன்னு சுருள தூக்கி எறிஞ்சுட்டு மெத்து ஹோஸ ஒண்ண மாட்டியிருக்கான். மெதுவா போனா பேசாம இருக்கும். மிதிச்சா பம்ப் உறிஞ்சும், ஹோஸ் ஒட்டும், தண்ணி நின்னுரும், முள்ளு ஏறும். எப்பிடி? பொனட்டுல கைய வெக்கவும் இல்ல, கண்ண மூடிக்கிட்டு நடிக்கவும் இல்ல.

இல்ல, தம்புள்ள வரைக்கும் இப்பிடியே போக வேணாம். இங்கயே செய்வம். சாமான் என்ன பெரிய சாமான்? டிலானி துணி காயப்போட வாங்கின கம்பி, மிச்சம் பின்னால கெடக்குது. துடைப்பக் கட்டை ஒண்ணு. ஸ்க்ரூ டிரைவர் உங்கட டிக்கியில இருக்கும், உங்கட அப்பா மாதிரி மனுசன் அத வெக்காம இருக்க மாட்டாரு. சொன்னேனா?

கம்பிய கட்டையில சுத்துங்க. நெருக்கமா வேணாம், வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல சுண்டு விரல் போகணும். ஆ, அப்பிடித்தான். பிடிச்சு இழுத்து சுத்துங்க, அது சின்னப் பிள்ள ஜடை இல்ல. நல்லாத்தான் வருது! கை வருது உங்களுக்கு. முனைய உள்ளுக்கு மடக்குங்க, இல்லாட்டி ஹோஸ குத்திரும். இப்ப கீழ் கிளிப்ப லூஸ் பண்ணுங்க. தண்ணி ஊத்தும், கால தள்ளி வெச்சுக்குங்க. சல்வார் நனைஞ்சா நனையட்டும், காஞ்சுரும். சுருள திருகித் திருகி உள்ளுக்கு அனுப்புங்க. ஹோஸ மாட்டுங்க. கிளிப்ப இறுக்குங்க. இன்னும் ஒரு சுத்து.

அந்த பஸ்ஸா? மாத்தளைக்குத்தான். ஆள் கொறவுதான், சீட்டும் இருக்கும்தான். ஆனா அந்த டிரைவர எனக்குத் தெரியும். பிரேக் அடிச்சான்னா நெஞ்சு வாய்க்கு வந்துரும். வேணாம். நீங்க வேலையப் பாருங்க.

தண்ணி ஊத்தியாச்சா? ஸ்டார்ட். மிதிங்க. நல்லா மிதிங்க, பயப்பட வேணாம்.

ஆ. போயிருச்சு. கொர்ருங்கிறது போயிருச்சு. என்ன ஒரு சுகமா ஓடுது பாருங்க. மூடியப் போட்டு நிப்பாட்டுங்க. கைய கழுவுங்க, டிலானி சவுக்காரம் தருவா.

இப்ப நான் ஒண்ணு கேக்கிறேன். நெஞ்சில கை வெச்சு சொல்லுங்க. இந்தக் கார யாரு செஞ்சது? வீட்டுக்குப் போனதும் அப்பா கேப்பாரு. என்ன சொல்லுவீங்க? நீங்க செஞ்சேன்னுதான் சொல்லுவீங்க. தப்பில்ல, கறுப்பானது உங்கட கை. கம்பி சுத்தினது நீங்க. கூட யாரு இருந்ததுன்னு கேட்டா? பஸ்ஸுக்கு நின்ன ஒரு கெழவன், பக்கத்துல இருந்து டீ குடிச்சுக்கிட்டு அட்டைக் கத சொன்னான். இல்லயா? சிரிக்காதீங்க. எனக்கு இது பழகிப் போச்சு. பழகிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

போன வருசம் ஒரு பொடியன் எடுத்த வீடியோவப் பாத்துத்தானே நீங்களும் வாறீங்க? நாலு லட்சம் பேர் பாத்தது. அதுல இடது பக்கத்து மூலையில ஒரு கெழவன் நிப்பான். தொப்பிய கையில எடுத்துக்கிட்டு தலைய சொறிஞ்சுக்கிட்டு. கண்டீங்களா? யோசிச்சுப் பாருங்க. காணல. நாலு லட்சம் பேரும் காணல. எடுத்த பொடியன் மட்டும் கேட்டான், பாஸ், இவரு யாருன்னு. அதுக்கு ஷிஹாம் சொன்னான், அது சும்மா டீ குடிக்க வாற மனுசன்.

டீ குடிக்க வாற மனுசன்.

எட்டு மாசம் அத வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தேன் மகள். இன்னைக்கு நீங்க வாறீங்கன்னு விடியவே எழும்பி, சட்டைய அயர்ன் பண்ணி, அத்தர் போட்டுக்கிட்டுப் போனேன். இந்தத் தரமாவது, இவரு என்ட நானான்னு ஒரு சொல்லு சொல்லுவான்னு ஒரு ஆச. போனா, என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு சொல்றான், நானா, நீங்க கேமராவுக்குப் பின்னால நில்லுங்க. பின்னால! சரிடா, பின்னாலதானே, மாத்தளை வரைக்கும் பின்னால போறேன்னு பேக்கத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். அவன் பாக்காத நேரமாப் பாத்து. இந்த நாவுல சந்தி வரைக்கும் த்ரீவீல்ல வந்து, பஸ்ஸுக்கு எறங்கி, குந்தி நெனச்சு நெனச்சு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத் தெரியும்டா உனக்குன்னு. அப்பதான் நீங்க பொகை விட்டுக்கிட்டு வாறீங்க.

என்ன தெரியும்னா கேக்கிறீங்க?

ஒண்ணுமில்ல. நீங்க அங்க போனதும் ஹோர்ன் அடிக்க வேணாம். முதுகுப் பக்கமா நின்னு பாஸ்னு கூப்பிடவும் வேணாம். மூஞ்சிக்கு நேரா நின்னு, கொஞ்சம் மெதுவா பேசுங்க. உதட்டப் பாத்துத்தான் பேச்ச எடுப்பான். பெரிய மனுசன் போக்கு காட்டுறான்னு நெனச்சுராதீங்க. அவனுக்குக் காது கேக்காது மகள். ரெண்டும். ஏழு வருசம் ஆச்சு.

டீய குடிங்க, ஆறிப் போச்சு.

கராஜ்ல காத்தடிக்கிற டேங்க் வெடிச்சது. பக்கத்துல நின்னான். ஒடம்புல ஒரு கீறல் இல்ல, காது மட்டும் போயிருச்சு. மெஷின் வாங்கி மாட்டிப் பாத்தான், கராஜ் சத்தத்துக்குள்ள அது விசிலடிக்கிறதத் தவிர ஒண்ணும் செய்யல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்ட கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான், நானா, இது வெளிய தெரிஞ்சா எவன் கார் கொண்டருவான், கட்டிக் குடுக்க மூணு கொமரு இருக்கேன்னு. நான் சொன்னேன், சரிடா, தெரியாம பாத்துக்குவம். அவன் என்ட மூஞ்சியவே பாத்துக்கிட்டு அழுறான். திரும்ப சொன்னேன். அழுறான். அப்பதான் எனக்கு ஒறைச்சது, இவனுக்குக் கேக்கலயேன்னு. என்ன செய்ய? தொப்பியக் கழட்டி நெஞ்சில வெச்சு தலைய ஆட்டினேன். அழுகைய நிப்பாட்டிட்டான். அங்கதான் தொடங்கினது.

கை அவன்டதான். அத நான் மறைக்க மாட்டேன், பொறாமைக்காரன் சொல்றேன், அந்தக் கை மாதிரி இன்னொரு கை இந்தப் பக்கம் கெடையாது. ஆனா காது என்டது. லொறிக்குள்ள முப்பத்தெட்டு வருசம் தனியா இருந்தவனுக்குப் பேச்சுத் தொணை என்ஜின்தானே? அவன் பொனட்டுல கைய வெச்சுக் கண்ண மூடுவான். எல்லாரும் அவனப் பாத்துக்கிட்டு மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பாங்க. நான் பின்னால டீ கிளாஸோட நிப்பேன். பொறவு அவன் ஒரு கண்ணத் தொறப்பான். கிளாஸ் வலது கையில இருந்தா பெல்ட். இடது கைக்குப் போனா வோட்டர் பம்ப். தொப்பிய பின்னுக்குத் தள்ளினா பிளக். கழட்டித் தலைய சொறிஞ்சா கெஸ்கட், என்ஜின் தலைய கழட்டணும். ஒரு அம்மா, நான் அடிக்கடி சொறியிறதக் கண்டுட்டு, பேன் எண்ண போத்தல் கொண்டந்து தந்தா. முடியே இல்லாத தலைக்கு!

காது இருந்த காலத்துல ஷிஹாம் சாதாரண பாஸ்தான், மகள். மெயின் ரோட்டுல பத்துப் பேர்ல ஒருத்தன். காது போன பொறவுதான் அவன்ட காதுக்குப் பேர் வந்தது. வாய் பேசாம இருந்தான், ஞானின்னாங்க. கண்ண மூடினான், பெரிய மகான், வலியுல்லான்னாங்க. என்ட காதுக்கு அவன்ட மூஞ்சியப் போட்டு, கலண்டர் அடிச்சு, என்ட குசினியிலயே தொங்கப் போட்டா எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க?

போடுறதுன்னா போடுங்க, வீடியோவுல. யாகூப் சொன்னான்னு போடுங்க. யாரு நம்புவா? நாவுலையில இருந்து தம்புள்ள வரைக்கும் என்னப் பொய்க்காரன்னுதான் தெரியும். ரேடியேட்டர்ல அட்டை வெச்ச கெழவன் சொன்ன இன்னொரு கதைன்னு சிரிச்சுட்டுப் போவாங்க. இந்த ரகசியத்த என்கிட்ட விட்டது அதுக்குத்தானோ என்னமோ, அவன் விவரமான ஆளுதான். அட்டையா? அது பொய், மகள். இது உண்மை. எனக்கே இப்ப ரெண்டும் ஒரே மாதிரித்தான் கேக்குது.

மாத்தளை பஸ்ஸுதான். ம். நல்ல பஸ், நல்ல டிரைவர், சீட்டும் இருக்கு. தெரியுது. கைய காட்ட வேணாம். விடுங்க.

மணி என்ன? பதினொண்ணு தாண்டிருச்சா? இதோட பதினாறு மெசேஜ். கடைசியா வந்தத வாசிங்க, கண்ணாடி பேக்குக்குள்ள இருக்கு. நானா, ஒரு வேன் வந்து நிக்குது, நான் என்ன செய்ய. அவ்வளவுதானா? இப்ப கைய வெச்சிருப்பான். கண்ண மூடியிருப்பான். ஒரு கண்ணத் தொறந்து பாத்திருப்பான், நான் நிக்கிற எடத்துல கிளாஸ் மட்டும் இருந்திருக்கும். காலையில அத நெனக்க நெனக்க இனிச்சது. மூணு பஸ்ஸுக்கு முன்னால வரைக்கும் நல்லாத்தான் இருந்தது.

பேக்க பின்னால போடுங்க. நான் முன்னால ஏறுறேன். என்ன கராஜுக்கு முன்னால எறக்க வேணாம், பின்பக்கம் சந்து மாதிரி ஒரு ஒழுங்க இருக்கு, அங்க விடுங்க. நீங்க ரெண்டு நிமிசம் கழிச்சு வாங்க, நம்ம ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கண்டதே இல்ல. கார்ல என்ன நோய்னு அவன் கேட்டா சூடாகுதுன்னு மட்டும் சொல்லுங்க. நம்ம போட்ட சுருள அவனே கண்டுபிடிக்கட்டும். கேமரா நேரா அவனப் பாக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மகள், அந்த இடது பக்கத்து மூலைய மட்டும் வெட்டிராதீங்க. நாலு லட்சம் பேருக்கும் தெரிய வேணாம். நீங்க ஒருத்தர் பாத்தா போதும்.

இந்தக் கதவுக் கண்ணாடி ஏறாதா? சரி, காத்து வரட்டும். அப்ப இந்தத் தொப்பிய அந்த டேஷ்போர்டு பெட்டிக்குள்ள வெச்சு மூடிருங்க. பறந்து கிறந்து போயிருச்சுன்னா, பொறவு அவனுக்கு ஒண்ணுமே கேக்காது.